இலேசான கார், பலமான புகழ்! டொயோட்டா 86 ரசிகர்கள் சொன்னது சரிதானா? எக்ஸெலில் சோதித்துப் பார்ப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த வீட்டில் முதல் வாரமே நடக்கும் காரியங்களில் ஒன்று, கார் ரேஸ் கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்வது. பையன் கேட்கிறான் என்று சொல்லி அப்பாவும் உட்கார்ந்து ஓட்டுவார். அப்படி ஓட்டிப் பழகியவர்களுக்கு 'டொயோட்டா 86' என்ற பெயர் தெரிந்திருக்கும். நம்மூர் ஷோரூமில் டொயோட்டா இதை விற்றதில்லை. ஆனாலும் கார் ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேறு எந்தச் சின்னக் காரைப் பற்றியும் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தக் காரில் ஒரு வேடிக்கை உண்டு. 2009 டோக்கியோ மோட்டார் ஷோவில் 'எஃப்டி-86' என்ற மாதிரிக் கார் காட்டப்பட்டது. 2010 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'கிரான் டூரிஸ்மோ 5' கேமில் அந்த மாதிரிக் கார் இடம்பெற்றது. நிஜக் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததோ 2012-ல்தான். அதாவது, தொழிற்சாலையிலிருந்து ஒரு கார்கூட வெளியே வருவதற்கு முன்பே உலகம் முழுக்க ரசிகர்கள் அதைத் திரையில் ஓட்டி முடித்துவிட்டார்கள். எதிர்பார்ப்பு எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த எதிர்பார்ப்பை நம்பித்தான் அமெரிக்காவில் சுமார் 25,000 டாலர் கொடுத்துப் பலர் இந்தக் காரை வாங்கினார்கள். அவர்கள் நம்பியது சரியா? ரசிகர்களின் ஆரவாரத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை? பாதி விடையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, எக்ஸெலில், கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கதை தெரிய வேண்டும். முதலில் கதையைப் பார்ப்போம்.

எதற்கு இத்தனை ஆரவாரம்?

1983-ல் டொயோட்டா ஒரு சாதாரண கரோலா காரை வெளியிட்டது. அதன் உள் குறியீடு 'ஏஇ86'. 1.6 லிட்டர் இன்ஜின் முன்னால் இருக்கும். ஆனால் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். எடை சுமார் 940 கிலோ. விலையும் அதிகமில்லை. மலைப்பாதை வளைவுகளில் வேகமாக ஓட்டிப் பழக விரும்பிய ஜப்பானிய இளைஞர்களுக்கு இது வரமாக அமைந்தது. 1995-ல் ஷுய்ச்சி ஷிகெனோ வரையத் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற படக்கதையில், டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒருவன் இந்தப் பழைய காரை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கார்களை மலைப்பாதையில் தோற்கடிப்பான். காரின் புகழ் கடல் தாண்டியது.

அதன் பிறகு டொயோட்டா மெல்ல மெல்ல ஸ்போர்ட்ஸ் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. சுப்ரா 2002-ல் நின்றது. செலிக்கா 2006-ல் நின்றது. எம்ஆர்-எஸ் 2007-ல் நின்றது. "எங்களுக்கு இலேசான, பின் சக்கரம் இழுக்கும், கையால் கியர் மாற்றும், சம்பளக்காரர் வாங்கக்கூடிய ஒரு கார் வேண்டும்" என்பது ரசிகர்களின் நீண்ட நாள் கோரிக்கையாகிவிட்டது.

2007-ல் டெட்சுயா டாடா என்ற தலைமைப் பொறியாளரிடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. டொயோட்டா பங்கு வைத்திருந்த சுபாரு நிறுவனம் கூட்டாளியானது. இன்ஜினும் தயாரிப்பும் சுபாருவின் பொறுப்பு. டாடா மூன்று 'வேண்டாம்'களை வைத்துக்கொண்டார்: டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், தரையை இறுக்கிப் பிடிக்கும் அகலமான பந்தய டயர் வேண்டாம். ரசிகர்கள் கேட்டதைக் கிட்டத்தட்ட வரிக்கு வரி அப்படியே செய்தார்கள். ஜப்பானில் 86, ஐரோப்பாவில் ஜிடி86, அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ், சுபாரு கடைகளில் பிஆர்இசட் என்று ஒரே காருக்கு நான்கு பெயர்கள்.

காரில் என்ன இருந்தது?

2.0 லிட்டர் 'பாக்ஸர்' இன்ஜின். வழக்கமான இன்ஜினில் பிஸ்டன்கள் நின்றபடி மேலும் கீழும் ஓடும். பாக்ஸரில் அவை படுத்த நிலையில் இடமும் வலமுமாக ஓடும். இதனால் இன்ஜினின் உயரம் குறைகிறது. அதைத் தாழ்வாகப் பொருத்த முடிகிறது. இந்தக் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 460 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்று டொயோட்டா பெருமையுடன் சொன்னது. தலையில் பானை வைத்து நடப்பவரையும் இடுப்பில் குடம் வைத்து நடப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று திரும்பும்போது யார் தடுமாறுவார்? தாழ்ந்த ஈர்ப்பு மையத்தின் பலன் அதுதான்.

சக்தி 200 குதிரைத்திறன். எடை, ஜப்பானில் விற்ற ஜிடி வகைக்கு 1,230 கிலோ. முன் சக்கரங்கள் மீது 53 சதவீத எடை, பின்னால் 47 சதவீதம். டயர் அகலம் 215 மில்லிமீட்டர். டொயோட்டாவின் சிக்கனக் காரான பிரியஸில் ஒரு வகைக்கும் பொருத்தப்பட்ட அதே ரக டயர். "ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த டயரா?" என்று பலர் கேட்டார்கள். டயர் சாதாரணமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் லேசாக வழுக்க ஆரம்பிக்கும்; ஓட்டுபவர் அதை உணர்ந்து ஸ்டியரிங்கால் சரிசெய்து மகிழலாம் என்பது டாடாவின் கணக்கு.

இப்போது எக்ஸெலைத் திறங்கள்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்துக்கொள்ளலாம். வேலை ஒன்றுதான்.

1. முதல் வரியில் நான்கு தலைப்புகள் தட்டுங்கள்: கார், எடை, குதிரைத்திறன், ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ.

2. கீழ்க்கண்ட விவரங்களை ஒவ்வொரு வரியாக நிரப்புங்கள். எடையில் 'கிலோ' என்ற சொல்லைத் தட்டாதீர்கள், வெறும் எண் மட்டும். சொல்லைச் சேர்த்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, கணக்கு வராது.

ஏஇ86 (1983): 940, 130
லோட்டஸ் எலீஸ் (1996): 725, 120
டொயோட்டா 86 (2012): 1230, 200
ஃபோர்டு மஸ்டாங் வி6 (2012): 1570, 309
மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.5 லிட்டர் (2015): 990, 131
டொயோட்டா ஜிஆர்86 (2021): 1270, 235

3. நான்காவது பத்தியில், முதல் காரின் வரிசையில் உள்ள செல்லைக் கிளிக் செய்து = குறியைத் தட்டுங்கள். பிறகு அந்தக் காரின் எடை உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். அடுத்து / குறி. அடுத்து குதிரைத்திறன் உள்ள செல்லில் கிளிக். என்டர். விடை வந்துவிடும்.

4. விடை வந்த செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கடைசிக் கார் வரை கீழே இழுத்து விடுங்கள். எல்லாக் கார்களுக்கும் விடை தயார்.

உங்கள் திரையில் இப்படி வந்திருக்க வேண்டும்: ஏஇ86-க்கு 7.23, எலீஸுக்கு 6.04, டொயோட்டா 86-க்கு 6.15, மஸ்டாங்குக்கு 5.08, மாஸ்டாவுக்கு 7.56, ஜிஆர்86-க்கு 5.40. இந்த எண் எவ்வளவு குறைவோ, ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய பாரம் அவ்வளவு குறைவு. நேர் சாலையில் அவ்வளவு வேகமாகப் பாயும். (நாட்டுக்கு நாடு, வகைக்கு வகை எடை கொஞ்சம் மாறும். ஏஇ86-ன் 130 என்பது அந்தக் கால அளவு முறையில் சொன்னது. இன்றைய முறையில் இன்னும் குறையும்.)

பட்டியலைப் பார்த்ததும் என்ன தோன்றுகிறது? மஸ்டாங்தான் முதலிடம்! அமெரிக்காவில் அந்த மஸ்டாங்கின் ஆரம்ப விலை எஃப்ஆர்-எஸ்ஸை விடக் குறைவு. "அதிகப் பணம் கொடுத்து மெதுவான கார் வாங்குவதா? ரசிகர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்களா?" என்று அன்று கேட்டவர்கள் பலர். எண்ணை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

கொஞ்சம் பொறுங்கள். இன்னும் ஒரு பத்தி சேர்ப்போம்.

ஐந்தாவது பத்தி சொல்லும் கதை

ஐந்தாவது தலைப்பு: 100 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம்தான். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். நாம் சுருக்கமாக எடையை 0.386-ஆல் பெருக்கினால் விடை கிலோஜூலில் கிடைக்கும். = குறி, எடை செல்லில் கிளிக், * குறி, 0.386, என்டர். மறுபடி மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள்.

டொயோட்டா 86-க்கு சுமார் 475. மஸ்டாங்குக்கு 606. மாஸ்டாவுக்கு 382. எலீஸுக்கு 280.

இது என்ன எண்? 100 கி.மீ. வேகத்தில் போகும் காரை நிறுத்த, பிரேக் அவ்வளவு ஆற்றலையும் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஒரு முறை நிறுத்துவது பெரிய விஷயமில்லை. மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் அடித்தால், ஒவ்வொரு முறையும் மஸ்டாங்கின் பிரேக் சுமார் 28 சதவீதம் அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டும். வளைவில் திரும்பும்போதும் அதே கதைதான். கனமான காரைத் திருப்ப டயர் அதிகம் உழைக்க வேண்டும். அதற்காக அகலமான டயர், பெரிய பிரேக், தடித்த சஸ்பென்ஷன் என்று போட்டால் அவையே மேலும் எடையைக் கூட்டும். அந்த எடையை இழுக்கப் பெரிய இன்ஜின் வேண்டும். இது முடிவில்லாத வட்டம்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதும் இதே தவறு நடக்கும். "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போகிறோம். வேகமான பிராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் வேண்டாத புரோகிராம்களை எல்லாம் ஏற்றி வைத்தால், ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வரலாம். சுமாரான பிராசஸர் இருந்தாலும் எஸ்எஸ்டி டிரைவும் தேவையான சாஃப்ட்வேர் மட்டுமே உள்ள சுத்தமான விண்டோஸும் இருந்தால், கிளிக் செய்தவுடன் திறக்கும். நமக்கு வேகமாகத் தோன்றுவது இரண்டாவது கம்ப்யூட்டர்தான். இலேசான காரின் ரகசியமும் அதுவே. சொன்னதும் கேட்கும்.

இந்த விஷயத்தில் ரசிகர்கள் சொன்னது முழு உண்மை. ஸ்டியரிங்கும் வளைவில் காரின் சமநிலையும் பத்திரிகைச் சோதனைகளில் தொடர்ந்து பாராட்டப்பட்டன. பிரிட்டனின் 'டாப் கியர்' பத்திரிகை 2012-ம் ஆண்டின் சிறந்த காராக ஜிடி86-ஐத் தேர்ந்தெடுத்தது.

மிகையாகச் சொன்னவை

முதல் மிகை: "ஏஇ86 திரும்பி வந்துவிட்டது." உங்கள் பட்டியலையே பாருங்கள். பழையதை விடப் புதியது கிட்டத்தட்ட 290 கிலோ கூடுதல். நான்கு பெரியவர்கள் எப்போதும் காரில் உட்கார்ந்திருப்பது போல! ஏர்பேக், விபத்தைத் தாங்கும் உறுதியான கட்டமைப்பு, ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் எடை கூடத்தான் செய்யும். தன் காலத்து மற்ற கார்களோடு ஒப்பிட்டால் 86 இலேசு. தன் தாத்தாவோடு ஒப்பிட்டால் இல்லை.

இரண்டாவது மிகை: "200 குதிரைத்திறன் தாராளமாகப் போதும்." இங்கே டார்க் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டார்க் என்பது இன்ஜின் தன் தண்டைச் சுழற்றும் விசை. இந்தக் காரில் அதிகபட்ச டார்க் 205 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பதோ நிமிடத்துக்கு 6,400 சுற்றுக்கு மேல். அதற்கும் கீழே, சுமார் 3,500 முதல் 4,500 சுற்று வரை, டார்க் ஏறுவதற்குப் பதில் ஒரு பள்ளம் போல இறங்கும். அன்றாடம் ஊருக்குள் ஓட்டும்போதும், முன்னே போகும் வண்டியை முந்தும்போதும் அதிகம் பயன்படுவது இந்த இடம்தான். அங்கே இன்ஜின் சோர்ந்துவிடும். சோதனைக்காக ஒரு மணி நேரம் ஓட்டியவர்களைவிட, தினமும் வேலைக்கு ஓட்டிச் சென்றவர்களைத்தான் இந்தக் குறை அதிகம் உறுத்தியது.

மூன்றாவதாக ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. இன்ஜினின் வால்வு ஸ்பிரிங்குகள் உடையக்கூடும் என்று ஆரம்பகாலக் கார்களை 2018 நவம்பரில் திரும்ப அழைத்தார்கள். ஸ்பிரிங் சின்ன உதிரிதான். ஆனால் அதை மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. செகண்ட் ஹேண்ட் 86 வாங்குபவர்கள் இந்த வேலை முடிந்ததா என்று பார்ப்பது அவசியம்.

கேட்டவர்கள் வாங்கினார்களா?

அமெரிக்காவில் எஃப்ஆர்-எஸ் 2013-ல் சுமார் 18,000 விற்றது. 2015-ல் அது சுமார் 10,500 ஆகக் குறைந்தது. 2016-ல் சயான் பிராண்டையே டொயோட்டா மூடிவிட்டு, காரை 'டொயோட்டா 86' என்று பெயர் மாற்றி விற்றது.

ஒரு கம்பெனி ரசிகர்கள் கேட்டதை எல்லாம் கொடுத்தது, பாராட்டும் குவிந்தது, ஆனாலும் விற்பனை இறங்கியது. ஏன்? ஆரவாரம் செய்பவர்கள் எல்லோரும் வாங்குபவர்கள் அல்ல. கேமில் ஓட்டியவர்களில் பலருக்கு லைசென்ஸ் எடுக்கும் வயதுகூட ஆகியிருக்காது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத் துடிப்பவர்கள் முதல் ஓரிரு வருடங்களிலேயே வாங்கி முடித்துவிடுவதும் ஒரு காரணம். அதன் பிறகு வருபவர் சாதாரண வாடிக்கையாளர். அவர் மஸ்டாங்கின் விலையையும் குதிரைத்திறனையும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

திரையும் சாலையும்

நம் வாசகர்களுக்குப் பிடித்தமான ஒரு சங்கதி. ஒரு காலத்தில் கார் என்றால் இரும்பும் எண்ணெயும். இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று பல சின்னக் கம்ப்யூட்டர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பித் தடத்துக்கு 'கேன் பஸ்' என்று பெயர். அலுவலகக் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைப்பது போலத்தான்.

86 காருக்கு டொயோட்டா ஒரு கூடுதல் கருவி தயாரித்தது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தீர்கள், எங்கே பிரேக் போட்டீர்கள், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினீர்கள் என்ற விவரங்களை கேன் பஸ்ஸிலிருந்து எடுத்து, ஜிபிஎஸ் இடக் குறிப்போடு சேர்த்து யுஎஸ்பி பென் டிரைவில் பதிவு செய்யும். நிஜப் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு வந்து, 2013-ல் வெளியான 'கிரான் டூரிஸ்மோ 6' கேமில் பென் டிரைவைச் செருகினால், நீங்கள் ஓட்டியது திரையில் மறுபடி ஓடும். திரையில் பிறந்த புகழ் சாலைக்குப் போய் மறுபடி திரைக்கே திரும்பி வந்தது!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திரையில் வேகம் தெரியும், எடை தெரியாது. வளைவில் உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதும், பின் சக்கரம் வழுக்கும் நொடியை இருக்கையில் உணர்வதும் மானிட்டரில் வராது. இலேசான காரின் அருமை முழுக்க அந்த உணர்வில்தான் இருக்கிறது. கேமில் 86-ஐ ஓட்டி "ஏமாற்றம்" என்றவர்களும் அவசரப்பட்டார்கள், "அற்புதம்" என்றவர்களும் அவசரப்பட்டார்கள்.

2021-ல் வந்த பதில்

டொயோட்டாவும் சுபாருவும் குறைகளைக் காதில் போட்டுக்கொண்டன. 2021-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஜிஆர்86-ல் இன்ஜின் 2.4 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டது. டர்போ அப்போதும் வேண்டாம் என்றுதான் முடிவு. 235 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். முக்கியமான மாற்றம், அதிகபட்ச டார்க் 3,700 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. பழைய பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு! 100 கி.மீ. வேகம் எட்டும் நேரம் 7.4 வினாடியிலிருந்து 6.3 ஆகக் குறைந்தது என்கிறது டொயோட்டா. கூரையை அலுமினியத்தில் செய்து எடையைக் கட்டுக்குள் வைத்தார்கள். பட்டியலில் பாருங்கள், 1,270 கிலோதான்.

புதிய கார் நன்றாகவே வரவேற்கப்பட்டது. ஆனால் 2024 ஜூலையில் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப இதை மாற்றுவது கட்டுப்படியாகாது என்பதால், அங்கே இரண்டு வருடம் மட்டுமே விற்றது.

முடிவாக...

ரசிகர்கள் சொன்னது பாதிக்கு மேல் சரி. இலேசான எடை, தாழ்ந்த ஈர்ப்பு மையம், ஓட்டுபவரோடு பேசும் ஸ்டியரிங் ஆகிய மூன்றிலும் 2012-ன் 86 சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இன்ஜின் விஷயத்தில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்கு ஆதாரம் வேறு எங்கும் தேட வேண்டாம். தயாரித்தவர்களே அடுத்த காரில் இன்ஜினைத்தான் முதலில் மாற்றினார்கள்.

காரோ, லேப்டாப்போ, செல்போனோ, "இதைப் போல வராது" என்று யாராவது சொன்னால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. சொல்வது அளக்கக்கூடியதா, உணரக்கூடியதா? அளக்கக்கூடியது என்றால் எக்ஸெலில் போட்டுப் பாருங்கள். உணரக்கூடியது என்றால் நீங்களே தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2. எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? ஒப்பிடும் பொருள் மாறினால் பதிலும் மாறும்.

3. சொல்பவர் ஒரு மணி நேரம் பயன்படுத்தினாரா, ஒரு வருடமா?

4. அவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கியவரா?

இன்று போட்ட எக்ஸெல் ஃபைலை அழித்துவிடாதீர்கள், சேவ் செய்து வையுங்கள். குதிரைத்திறனுக்குப் பதில் விலையையும் எடைக்குப் பதில் ராமையும் போட்டால், அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது அதே ஃபைல் உங்களுக்கு உதவும்.